மேலூர்க் கரும்பு வெட்டில் கிடைத்த குட்டிகளும் கௌதாரி முட்டைகளும்

அண்ணே, மேலூர் பக்கம் கரும்பு வெட்டும்போது சோகைக்குள் (காய்ந்த கரும்பு இலைக்குள்) ரெண்டு பூனைக்குட்டியும், வரப்பில் ஒரு கௌதாரிக் கூடும் இருந்தது, ரெண்டையும் வீட்டுக்குக் கொண்டு போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம்.

குட்டி ரெண்டும் காட்டுப்பூனை மாதிரிதான் தெரிகிறது. உடம்பில் கோடு இருப்பதை வைத்துக் குழம்ப வேண்டாம், குட்டியில் இருக்கும், வளர்ந்தால் மங்கிவிடும். தாயின் வால் குட்டை, நுனிப்பக்கம் கறுப்பு வளையங்கள். அது இரை தேடிப் போயிருக்கும். எடுத்த இடத்திலேயே வைத்து, சுற்றி நாலு வரிசை கரும்பை இன்றைக்கு மட்டும் விட்டுவைத்து நாயைக் கட்டிப்போடுங்கள், இருட்டியதும் வாயில் கவ்விக்கொண்டு போய்விடும். விடிந்தும் அங்கேயே கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். உங்கள் வயலில் எலி பிடித்துத் தின்பதே அதுதான், அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கௌதாரி சங்கதி வேறு. பூனை இடம் மாற்றும், கௌதாரி முட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கே போகும்? கூட்டைத் தொடாமல், சுற்றியுள்ள புல்லை வெட்டாமல் விட்டாலே போதும். பூனைக்குட்டி கண் திறக்கவே பத்து நாள் போல ஆகும், மாதக்கணக்கில் தாயோடு திரியும். கௌதாரிக் குஞ்சோ பொரித்த கொஞ்ச நேரத்திலேயே தாய் பின்னால் ஓட ஆரம்பித்துவிடும், பார்க்கவே அழகாக இருக்கும். ஆனால் வளர்ந்த கௌதாரி பகலெல்லாம் தரையில் திரிந்தாலும் ராத்திரி முள்மரத்தில் ஏறிவிடும், அடைகாக்கிற தாய்க்குத்தான் அந்த வசதி இல்லை. அதனால் பூனைக்குட்டியைக் கூட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள்!

கௌதாரி வளர்க்கிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள்தான். ஆனால் 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் ரெண்டுமே வருகின்றன, மாட்டினால் வழக்கு.