எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட்டில் பூசி வந்த நீலப் பசையைத் துடைத்துவிட்டு ஆன்டி சீஸ் தடவலாமா?

துடைக்காதீர்கள். அதன் மேல் ஆன்டி சீஸோ (மரை சிக்கிக்கொள்ளாமல் இருக்கத் தடவும் கிரீஸ்) வேறு எதுவுமோ தடவவும் வேண்டாம். பதில் அவ்வளவுதான். ஆனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை. அப்படித் துடைத்தும் தடவியும் கெடுத்த வண்டிகள் கடைசியில் என் போன்றவன் தலையில்தான் வந்து விடிகின்றன.

என்ஜினின் புகையை வாங்கி வெளியே விடும் அந்த மேனிஃபோல்டை, கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் மாற்றக் கழற்றியிருப்பீர்கள். புது போல்ட் பையைப் பிரித்ததும் மரையில் காய்ந்த நீலப் பூச்சு தெரிந்திருக்கும். போல்ட் தளராமல் பிடிக்கும் மரைப் பசையில் சாதாரண ரகம் 150 டிகிரி, கொஞ்சம் நல்ல ரகம் 180 டிகிரி வரை தாங்கும். மேனிஃபோல்டோ 600 டிகிரியைத் தாண்டும். அப்புறம் எதற்கு இந்தப் பசை என்று தோன்றியிருக்கும். நியாயமான சந்தேகம்தான். ஆனால் போல்ட்டின் தலைதான் மேனிஃபோல்டு பக்கம் இருக்கிறது. மரை கடிப்பது என்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்குள், குளிர்விக்கும் கூலன்ட் ஓடும் இடத்துக்குப் பக்கத்தில். அங்கே சூடு எவ்வளவோ குறைவு. அதற்கு எந்த ரகம் தாங்கும் என்று பார்த்துத்தான் பூசி அனுப்புகிறார்கள். ஜிஎம் எல்எஸ் வகை என்ஜின்களின் மேனுவலே இந்த போல்ட்டுகளுக்கு மரைப் பசை போடச் சொல்கிறது.

பூச்சுக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாத நுண் உறைகள். போல்ட்டைத் திருகும்போது அவை நசுங்கி, உள்ளிருப்பது கலந்து, இறுக ஆரம்பிக்கும். நடுவில் கிரீஸ் புகுந்தால் பசை எதைப் பிடிக்கும்?

ஒரு வண்டி வந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் டிக் டிக் என்று சத்தம், சூடானதும் காணாமல் போய்விடும். வால்வைத் தட்டித் திறக்கும் டாப்பெட்தான் காரணம் என்று சொல்லி வேறொரு இடத்தில் அட்ஜஸ்ட் செய்து காசும் வாங்கியிருந்தார்கள். நான் டாப்பெட் பக்கமே போகவில்லை. கண்ணாடியை உள்ளே விட்டு, ஹெட்டிலிருந்து புகை வெளிவரும் கடைசி போர்ட்டுக்குக் கீழே டார்ச் அடித்தேன். ஹெட்டின் மேல் விசிறி விரித்தது போலக் கரி. போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் தலையைக் காணோம். குளிராக இருக்கும்போது அந்த இடைவெளியில் கேஸ் அடிக்கும். சூடேறினால் மேனிஃபோல்டு விரிந்து தானே அடைத்துக்கொள்ளும். சத்தம் மறைகிற ரகசியம் இதுதான்.

மற்ற போல்ட்டுகளைக் கழற்றினால், பாதி விரலாலேயே சுற்றிக்கொண்டு வந்தன. மரையில் வெள்ளி நிறத்தில் ஆன்டி சீஸ், அதற்கு அடியில் கொஞ்சமும் இறுகாத நீலப் பூச்சு. பசையும் பிடிக்கவில்லை, இறுக்கமும் நிற்கவில்லை. ஹெட்டோடு ஒட்டும் மேனிஃபோல்டின் விளிம்பு, அதாவது ஃபிளாஞ்ச், ஆட ஆரம்பித்திருக்கிறது. மேனிஃபோல்டு சூட்டில் நீளவாக்கில் விரியும், ஆறினால் சுருங்கும். நடுவில் இருக்கும் போல்ட்டை விட ஓரத்தில் இருப்பதற்குத்தான் அந்த இழுப்பு அதிகம். வளைந்து வளைந்து கடைசியில் அதுதான் ஒடியும்.

உள்ளே தங்கிய துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து, அதன் ஓட்டை வழியாக வெல்டு அடித்தேன். அந்தச் சூட்டுக்கு அலுமினிய ஹெட் கொஞ்சம் விரிந்து பிடியை விடும். சிவப்பு மங்கும்வரை காத்திருந்து, ஸ்பேனரை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தால் கிரீச்சென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு துண்டு தானாக வரும். ஒடிந்த போல்ட்டைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரை உள்ளே விட்டு அதையும் ஒடித்துக்கொண்டு வருகிறவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது.

உங்கள் வேலைக்கு வருகிறேன். பாதி வெற்றி போல்ட் இறங்கும் ஓட்டையில்தான் இருக்கிறது. பழைய பசைத் தூள், துரு, எண்ணெய் எல்லாம் போக வேண்டும். மரையைச் சுத்தம் செய்யும் டேப்பு (ஓட்டைக்குள் திருகும் மரைக் கருவி) தனியாக உண்டு, அதைப் போடுங்கள். வெட்டும் டேப்பு மரையையே சுரண்டிவிடும். பிரேக் கிளீனர் அடித்து, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு காற்றடித்துக் காயவிடுங்கள். அடி மூடிய ஓட்டையில் எண்ணெய் தேங்கியிருந்தால் டார்க் ரெஞ்ச் (வைத்த அளவுக்கு இறுகியதும் சொடுக்கும் ஸ்பேனர்) சொடுக்கும், ஆனால் ஃபிளாஞ்ச் உட்கார்ந்திருக்காது. பிறகு எல்லா போல்ட்டையும் கையால் பிடிக்கவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு மாற்றி மாற்றி, இரண்டு சுற்றாக டைட் வையுங்கள். நான் சொன்ன எல்எஸ் என்ஜினுக்கு முதல் சுற்று 15, இரண்டாவது 25 நியூட்டன் மீட்டர். உங்களுடையதற்கு உங்கள் மேனுவல் சொல்வதுதான் கணக்கு. ஆரம்பித்துவிட்டுப் பாதியில் டீ குடிக்கப் போகாதீர்கள், பசை இறுகத் தொடங்கிவிடும். கழற்றிய போல்ட்டைத் திரும்பப் போடவும் வேண்டாம்.

"வண்டியை ஒருமுறை சூடாக்கி மறுபடி டைட் வை" என்பது பழைய பாடம். மேனுவல் சொன்னாலொழிய இந்த போல்ட்டுகளுக்கு அது ஆகாது. பிடித்த பசையை நீங்களே உடைப்பீர்கள்.

"நான் காலங்காலமாக காப்பர் கிரீஸ்தான் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று கமென்ட்டில் யாராவது வருவார்கள், தெரியும். பூச்சு இல்லாத ஸ்டட்டும் நட்டும் உள்ள வண்டியில் போடுங்கள் ஐயா, நான் தடுக்கவில்லை. அப்போதும் டார்க்கை, அதாவது இறுக்கும் அளவை, குறைக்கிறீர்களா? வழவழப்பு கூடினால் அதே அளவில் போல்ட் அதிகம் இழுபடும். நான் பேசுவது பூசி வந்த போல்ட்டைப் பற்றி மட்டும்.

டார்க் ரெஞ்ச் என்றதும் இன்னொன்று. இரவல் வாங்கிப் போகிறவர்களே, வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்ச அளவுக்குத் திருப்பி வைத்துக் கொடுங்கள். முழு அளவில் ஸ்பிரிங்கை முறுக்கியபடியே மாதக்கணக்கில் காரின் டிக்கியில் போட்டு வைத்திருந்துவிட்டு, அதே முறுக்கில் கொண்டுவந்து கொடுத்தார் ஒருவர். அதோடு அதை வைத்து வீல் நட்டு வேறு கழற்றியிருக்கிறார். கேட்டால், "சொடுக்குகிறதே, நன்றாகத்தானே இருக்கிறது?" என்கிறார். சொடுக்கத்தான் செய்கிறது. எந்த அளவில் சொடுக்குகிறது என்பதுதான் இப்போது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அதை அலமாரியில் தூக்கிப் போட்டுவிட்டேன், இனி யாருக்கும் இரவல் கிடையாது.

உங்களுக்கு ஒன்று விட்டுப்போனது: பசை முழு வலுவுக்கு வர ஒரு நாளாவது ஆகும். அவசரம் இல்லையென்றால் மாலையில் டைட் வைத்துவிட்டு, மறுநாள் மாலை சாவி போடுங்கள்.