10,000 ரூபாயில் ரோபோ கிட் வாங்கலாமா?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் 36 பேர். முன்னாள் மாணவர்கள் 10,000 ரூபாய் தந்திருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு பாடவேளை ஒதுக்கலாம் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். கணினி அறையில் பழைய விண்டோஸ் கணினிகள் உண்டு. ஒரு நல்ல ரோபோ கிட் வாங்கலாமா? பிள்ளைகளின் வருங்கால வேலைக்கு உதவும்படி எதைச் சொல்லித்தருவது? செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறபோது கோடிங் கற்பிப்பது வீண் என்கிறார் சக ஆசிரியர் ஒருவர். அது சரியா?

பதில்: ரோபோ கிட் வேண்டாம். ஒரே கிட் என்றால் நாலு பேர் கைவைப்பார்கள், 32 பேர் எட்டிப் பார்ப்பார்கள். இன்னொரு குறையும் உண்டு. பல கிட்டுகளில் எதையும் தப்பாகச் செருக முடியாது. வேலையிடத்தில் நடப்பதோ நேர்மாறு. ஸ்ரீபெரும்புதூர் மின்னணு ஆலையோ, கோவை பம்ப்செட் பட்டறையோ, ஓசூர் வாகனத் தொழிற்சாலையோ, டெக்னீஷியனிடம் வரும் கேள்வி ஒன்றுதான்: “ஓடிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது, கோளாறு எங்கே?” அளந்து பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் பழக்கம் வந்துவிட்டால் போர்டு மாறினாலும் நிரல்மொழி மாறினாலும் சமாளித்துக்கொள்வார்கள். வகுப்பை அதைச் சுற்றி அமையுங்கள்.

36 பேரை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாடவேளையில் 18 பேர் மூவர் மூவராக ஆறு குழுக்களில் மின்சுற்று கட்டட்டும். மீதி 18 பேர் அதே அறையில் அடுத்த சுற்றை நோட்டில் வரைந்து கணக்குப் போடட்டும். அடுத்த பாடவேளையில் இடம் மாறட்டும். ஆக உங்களுக்குத் தேவை ஆறு செட். யூனோ வகை ஆர்டுயினோ போர்டு, அதாவது நிரலை ஏற்றி எல்.இ.டி., உணரிகளை இயக்கும் சிறு மின்னணுப் பலகை (அதே வடிவில் வரும் மலிவு போர்டு போதும்), ஆறுக்கு ஏறக்குறைய 2,700 ரூபாய், வோல்ட், மின்தடை அளக்கும், பீப் ஒலி தரும் மல்டிமீட்டர் ஆறுக்கு 1,500, பிரெட்போர்டு (பற்றவைக்காமல் ஒயர் செருகிச் சுற்று கட்டும் துளைப் பலகை), மீயொலி உணரி (ஒலி அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தால் தூரம் அளப்பது) இரண்டிலும் ஆறாறு வாங்க 1,100, எல்.இ.டி., மின்தடை, பொத்தான், ஜம்பர் ஒயர் எல்லாமாக 1,200. நாலு ஏஏ பேட்டரி போடும் பெட்டியும் பேட்டரியும் 500. சென்னை ரிச்சி தெருவிலோ இணையக் கடையிலோ விலை கொஞ்சம் முன்பின் இருக்கலாம். மொத்தம் 7,000ஐ ஒட்டி வரும். மீதி 3,000ஐத் தொடாதீர்கள். ஜம்பர் ஒயர் உடையும், எல்.இ.டி. கருகும், பேட்டரி தீரும். மறுவருடம் இந்த வகுப்பு நடக்குமா என்பது அந்தப் பணத்தில்தான் இருக்கிறது.

முதல் நான்கு வாரம் கணினியைத் தொடவே வேண்டாம். நாலு ஏஏ பேட்டரி, 330 ஓம் மின்தடை, சிவப்பு எல்.இ.டி., மூன்றையும் தொடரில் இணைக்கச் சொல்லுங்கள். எரிந்ததும் கைதட்டிவிட்டு நகர்ந்துவிடாமல் மூன்று இடத்தில் வோல்ட் அளக்க வையுங்கள்: பேட்டரியின் இரு முனை, மின்தடையின் இரு முனை, எல்.இ.டி.யின் இரு முனை. பேட்டரியில் 6.2 வோல்ட் என்றால் எல்.இ.டி.யில் 2 வோல்ட் சுமாராகவும், மின்தடையில் 4.2 ஆகவும் வரும். கூட்டிப் பார்க்கட்டும். 4.2ஐ 330ஆல் வகுத்தால் 0.0127, அதாவது 12.7 மில்லி ஆம்பியர். புத்தகத்தில் படித்த ஓம் விதி அப்போதுதான் கைக்கு வருகிறது. மின்தடையை மட்டும் 1,000 ஓமுக்கு மாற்றி, வெளிச்சம் எவ்வளவு குறையும் என்று முதலில் எழுதிவிட்டுப் பிறகு பார்க்கச் சொல்லுங்கள்.

இங்கே வழக்கமாக நடக்கும் விபத்து மல்டிமீட்டரில்தான். சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் செருகிப் பேட்டரியின் இரு முனையில் வைத்தால் அது நேரடி ஷார்ட். மலிவு மீட்டர்களில் அந்தத் துளைக்குப் பெரும்பாலும் ஃபியூஸ் கிடையாது. அந்தத் துளையை டேப் ஒட்டி மூடிவிடுங்கள். முதல் பருவம் முழுக்க 20 வோல்ட் டி.சி., இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா என்று தொடர்ச்சி பார்க்கும் பீப், மின்தடை அளவு, இந்த மூன்று மட்டும் போதும், மின்னோட்டத்தைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். மின்தடையின் மதிப்பைக் காட்டும் நிறக்கோடுகளை மனப்பாடம் செய்யவைத்து நேரத்தைக் கரைக்காதீர்கள். நீல உடல் மின்தடைகளில் பெரும்பாலும் ஐந்து கோடு இருக்கும், பாடத்தில் படித்த நான்கு கோட்டுக் கணக்கு குழப்பிவிடும். மீட்டரில் அளந்துவிடுவதே மேல். பிரெட்போர்டிலும் ஒரு பொறி உண்டு: ஓரத்தில் நீளமாக ஓடும் மின்வரிசை சில போர்டுகளில் நடுவில் துண்டாகியிருக்கும். எந்தத் துளை எந்தத் துளையோடு சேர்ந்திருக்கிறது என்று பீப் ஒலியால் கண்டுபிடித்து வரைவதையே ஒரு பாடவேளையாக வைக்கலாம்.

ஐந்தாவது வாரத்திலிருந்து ஒவ்வொரு வகுப்பின் முதல் பத்து நிமிடம் கோளாறுப் பயிற்சி. நீங்களே முன்கூட்டி ஒன்றைக் கெடுத்து வையுங்கள்: எல்.இ.டி.யைத் திருப்பிப் போடுங்கள், ஒயரை ஒரு வரிசை தள்ளிச் செருகுங்கள், 330 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 33,000 ஓம் வையுங்கள், உள்ளே அறுந்த ஜம்பர் ஒயரைப் போடுங்கள். எங்கே, எதனால், எந்த அளவீட்டால் தெரிந்தது என்று மூன்று வரி எழுதினால்தான் மதிப்பெண். ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகி எரியவைத்தவருக்கு மதிப்பெண் கிடையாது. கண்டிப்பாகத் தோன்றினாலும் இதில் இளகாதீர்கள்.

இனி போர்டு. ஆர்டுயினோ மென்பொருளின் 2ஆம் தலைமுறை 64 பிட் விண்டோஸ் 10 கேட்கும். பழைய கணினி என்றால் 1.8.19 பதிப்பைப் போடுங்கள். மலிவு போர்டுகள் பலவற்றில் சிஎச்340 என்ற சிப் இருக்கும். கணினி அதோடு பேச உதவும் டிரைவர் மென்பொருளைத் தனியாக நிறுவாவிட்டால் கணினி போர்டைக் கண்டுகொள்ளாது. டிரைவர் போட்டும் மென்பொருளில் போர்ட் (போர்டு இணைந்திருக்கும் கணினி வாயில்) தெரியவில்லையா? ஒயரைச் சந்தேகப்படுங்கள். சில யு.எஸ்.பி. கேபிள்கள் சார்ஜ் ஏற்ற மட்டுமே, தரவுக் கம்பியே உள்ளே இருக்காது. நிரலை ஏற்றும்போது ‘நாட் இன் சிங்க்’ என்று பிழை வந்தால் தேர்ந்தெடுத்த போர்டையும் போர்ட்டையும் பாருங்கள், போர்டில் ஒயர் செருகும் 0, 1 எண் பின்களில் எதையாவது செருகியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். போர்டு அனுப்பும் எழுத்தைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில் கிறுக்கலாக வந்தால் வேகம் பொருந்தவில்லை. நிரலில் 9600 என்றால் திரையிலும் 9600 வேண்டும். பொத்தான் அழுத்தாமலே தானாக மாறுகிறது என்பார்கள்: எதிலும் சேராமல் தொங்கும் பின் அப்படித்தான் செய்யும், உள் புல்-அப்பை (பொத்தானை விட்டிருக்கும்போது பின்னை 1இல் நிறுத்தும் உள் மின்தடை) இயக்குங்கள். அப்படி இயக்கினால் அழுத்தும்போது 0, விடும்போது 1 வரும் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒரு பின்னிலிருந்து 20 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. மோட்டாரை நேராகப் பின்னில் மாட்டினால் போர்டு போய்விடலாம்.

பருவத்தின் முக்கியப் பாடமாக மீயொலி உணரியை வையுங்கள். 20, 40, 60, 80, 100 செ.மீ. தூரத்தில் அட்டையை நிறுத்தி, அளவு டேப்பால் அளந்து, ஒவ்வொன்றிலும் ஐந்து அளவீடு எடுத்து வரைபடம் போடட்டும். ஒலியின் வேகம் 20 டிகிரி செல்சியஸில் வினாடிக்கு 343 மீட்டர். 35 டிகிரி அறையில் ஏறக்குறைய 352. நிரலில் 343 என்று இருந்தால் 100 செ.மீ. தூரம் 97ஐ ஒட்டிக் காட்டும். உணரி கெட்டுவிட்டது என்று பிள்ளைகள் சொல்வார்கள். சொல்லட்டும், காரணத்தை அவர்களே தேடட்டும். அட்டையைச் சாய்த்து வைத்தாலும், துணியைத் தொங்கவிட்டாலும் எதிரொலி திரும்பாமல் 0 அல்லது அபத்தமான பெரிய எண் வரும்.

சக ஆசிரியரின் கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் இந்த நிரலை நொடியில் எழுதித் தரும்; பிள்ளைகள் கேட்டு வாங்கட்டும், தடுக்காதீர்கள். ஆனால் உங்கள் வகுப்பறை எத்தனை டிகிரி என்பதும், ஒயர் ஒரு வரிசை தள்ளிச் செருகப்பட்டிருப்பதும் அதற்குத் தெரியாது. வாங்கிய நிரலின் ஒவ்வொரு எண்ணும் எதற்கு என்று விளக்கி, அளவு டேப்போடு ஒப்பிட்டுக் காட்டினால்தான் ஏற்பது என்று வையுங்கள்.

குழுவில் ஒரு விஷயம் கவனியுங்கள். விட்டுவிட்டால் பையன்கள் ஒயரைப் பிடித்துக்கொள்வார்கள், பெண்பிள்ளைகள் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று நோட்டு எழுதும் வேலைக்குத் தள்ளப்படுவார்கள். கட்டுபவர், அளப்பவர், எழுதுபவர் என்று மூன்று பொறுப்பு வைத்து, வாராவாரம் கட்டாயமாக மாற்றுங்கள்.

230 வோல்ட் பக்கம் எந்தச் சாக்கிலும் போகாதீர்கள், கண்காட்சிக்காக ரிலேயில் (போர்டு இயக்கும் மின்சுவிட்ச்) பல்ப் மாட்டுவது உட்பட. பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய லித்தியம் செல்லும் வேண்டாம்.

பத்தாம் வகுப்பு முடித்து ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன், எலக்ட்ரானிக் மெக்கானிக் பிரிவுகளுக்குப் போகிறவர்களுக்கும், மூன்றாண்டு பாலிடெக்னிக் டிப்ளமோ சேர்கிறவர்களுக்கும் இந்த அளவீட்டு நோட்டு முதல் வருடப் பயிற்சிக் கூடத்தில் நேராக உதவும். டிப்ளமோ முடித்தால் பொறியியலில் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லுங்கள். பல வீடுகளில் தெரியாது.

ஆண்டு விடுமுறைக்கு முன் பெட்டிகளிலும் மல்டிமீட்டரிலும் உள்ள பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள். கழற்றாவிட்டால் கோடையில் ஒழுகி ஸ்பிரிங்கை அரித்துவிடும், ஜூனில் முதல் வகுப்பே நின்றுபோகும்.