புது பைக் டெலிவரி: மீதிப் பணத்தைக் கட்டும் முன் வண்டியைப் பாருங்கள்

கேள்வி: பல ஆண்டுகளாக ஸ்கூட்டர்தான் ஓட்டினேன். அதை விற்றுவிட்டு 160 சிசி பைக் புக் செய்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை அண்ணா சாலை ஷோரூமில் டெலிவரி. பில்லில் 'ஹேண்ட்லிங் சார்ஜ்' போட்டிருக்கிறார்கள். இன்சூரன்ஸும் அவர்களிடமே எடுக்க வேண்டுமாம். எதையெல்லாம் பார்த்து வாங்குவது? அன்றே தாம்பரத்துக்கு ஓட்டி வரலாமா? - ஒரு வாசகர்

பதில்: ஓட்டி வராதீர்கள். ஸ்கூட்டரில் இடது கை லீவரைப் பிடித்தால் பின் பிரேக். பைக்கில் அது கிளட்ச். கத்திப்பாராவில் ஒரு பஸ் குறுக்கே வந்தால் உங்கள் இடது கை பழக்கத்தில் தானாக இறுகும், வண்டியோ நிற்காமல் உருளும். பின் பிரேக் வலது காலில் இருக்கிறது என்று காலுக்குத் தெரியச் சில நாட்களாவது ஆகும். கியர் வண்டி பழகிய ஒருவரை அழைத்துச் சென்று, அவரை ஓட்டச் சொல்லுங்கள். ஞாயிறு காலை உங்கள் தெருவில் பழகுங்கள். உங்கள் லைசென்ஸ் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் என்றால், கியர் வண்டிக்கும் சேர்த்து வாங்கிய பிறகே சாலையில் ஏறுங்கள்.

டெலிவரியை மாலையிலிருந்து காலைக்கு மாற்றுங்கள். டேங்கில் உள்ள கீறல் ட்யூப்லைட் வெளிச்சத்தில் தெரியாது. வண்டியை வாசலுக்குத் தள்ளி வரச் சொல்லுங்கள். விற்பனைச் சான்றிதழான படிவம் 21-இல் உற்பத்தி மாதமும் ஆண்டும் இருக்கும். அதிலுள்ள சேஸிஸ் எண்ணை (வண்டியின் அடையாள எண்) வண்டியில் பொறித்திருப்பதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3225 என்றால் 2025-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். அது மிகப் பழையதாக இருந்தால், வண்டி எவ்வளவு காலம் கிடங்கில் நின்றது என்று கேளுங்கள். இவ்வளவும் மீதிப் பணத்தைக் கட்டும் முன். கட்டிய பிறகு, "முதல் சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் சார்" என்பார்கள்.

ஹேண்ட்லிங் சார்ஜ் எந்தச் சட்டத்திலும் இல்லாத தொகை. தமிழ்நாட்டில் 1 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்துக்கு ஆயுள் வரி 12 சதவீதம். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டின் விலை வண்டி விலையிலேயே அடங்கும். ஐஎஸ்ஐ ஹெல்மெட்டும் வண்டியோடு தர வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. விதி இருந்தும் ஒவ்வொரு வாடிக்கையாளரும் கவுன்ட்டரில் நின்று சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. கேட்பதற்கு அதிகாரி ஒருவரும் வருவதில்லை.

இன்சூரன்ஸை எந்த நிறுவனத்திலும் எடுக்கலாம். உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் இழப்புக்கான மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து ஆண்டுகளுக்குக் கட்டாயம். 2018 செப்டம்பரிலிருந்து இதுதான் நடைமுறை. ஷோரூம்காரர் சொல்லாத ஒன்று உங்களுக்குப் பொருந்தலாம். ஸ்கூட்டருக்கு முழு இன்சூரன்ஸ் வைத்திருந்து, கிளெய்ம் எதுவும் செய்யவில்லை என்றால், அதற்கான பிரீமியத் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கே சொந்தம். ஸ்கூட்டரோடு வாங்கியவருக்குப் போகாது. பழைய நிறுவனத்திடம், வண்டி விற்றதற்கான ஆதாரத்தைக் காட்டிக் கடிதம் வாங்குங்கள். புது பைக்கின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் (உங்கள் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கானது) 20 முதல் 50 சதவீதம் வரை குறையும். மூன்றாம் நபர் பிரீமியத்தில் குறையாது. வெறும் மூன்றாம் நபர் பாலிசிதான் இருந்தது என்றால் இந்தச் சலுகை கிடையாது. கடைசி ஆண்டில் கிளெய்ம் செய்திருந்தாலும் கிடையாது. கடிதம் டெலிவரிக்கு முன் கையில் இருக்க வேண்டும். ஆகவே இன்றே போன் செய்யுங்கள்.

பாடிகாட் முனீஸ்வரன் கோயிலில் பூஜை போடுவதாக இருந்தால் தாராளமாகப் போடுங்கள். குங்குமமும் எண்ணெயும் பிரேக் டிஸ்க்கில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது. மாலையை வண்டி நகரும் முன் கழற்றிவிடுங்கள். புது டயர் சற்று வழுக்கும் என்பதால் முதல் 100 கிலோமீட்டருக்கு வளைவில் சாய்க்க வேண்டாம். முதல் 1,000 கிலோமீட்டருக்கு எஞ்சினை முறுக்காதீர்கள்.

நம்பர் இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள். "ஆர்.சி.யைக் கையோடு வாங்கித் தருகிறேன், இவ்வளவு கொடுங்கள்" என்று யாராவது வந்தால் பணம் தராதீர்கள். 2024 முதல் ஆர்.சி. விரைவுத் தபாலில் வீட்டுக்கே வருகிறது. கையெழுத்திடும் முன், விண்ணப்பத்தில் கதவு எண்ணும் மொபைல் எண்ணும் சரியா என்று பாருங்கள்.