தனுஷ்கோடிப் பிள்ளைகள் எப்படிப் பிழைப்பார்கள்?

அன்புள்ள ஐயா,

தங்கச்சிமடத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். 1964 தனுஷ்கோடிப் புயலை வைத்து ஒரு சிறுவர் நாவல் எழுதி வருகிறேன். மூன்று பிள்ளைகள் தங்களைப் பனைமரத்தோடு இறுக்கிக் கட்டிக்கொள்கிறார்கள். நடுராத்திரி காற்று நின்றதும் இறங்கி வீடு தேடிப் போகிறார்கள். விடிந்ததும் மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் குடித்து, நுங்கு தின்று, மண்டபத்திலிருந்து வரும் ரயிலில் ஏறித் தப்பிக்கிறார்கள். நம்பும்படி இருக்கிறதா? பிள்ளைகள் கதையில் சாவைக் காட்டலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

பனைமரம் சரி. கயிறுதான் பிள்ளைகளைக் கொன்றுவிடும். அந்தப் புயலில் ஆள் உயரத்தைத் தாண்டிக் கடல் ஊருக்குள் ஏறியது. இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டவர்கள் தண்ணீர் ஏறும்போது மேலே நகர முடியாது. நனைந்து இறுகிய முடிச்சு, விறைத்துப்போன விரல்களுக்கு அவிழாது. மூவரில் ஒருவனைப் பனையேறி வீட்டுப் பையனாக்குங்கள். மரத்தையும் முதுகையும் சேர்த்துச் சுற்றிய தளர்வான வளையம் போதும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். பின்னால் சாய்ந்தால் பிடிக்கும், மரத்தோடு ஒட்டினால் வளையத்தை மேலே தள்ளலாம். தண்ணீர் ஏற ஏற முழம் முழமாக அவர்களும் ஏறட்டும். முடிச்சு நுனியை இழுத்ததும் அவிழ்வதாக இருக்க வேண்டும். மரத்தின் சொரசொரப்பில் நெஞ்சும் தொடையும் உரிந்து, உப்புத்தண்ணீர் பட்டுக் காந்தும். இதை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். படிக்கிற பிள்ளைக்கு அந்த ராத்திரி அங்கேதான் உறைக்கும்.

காற்று சட்டென்று நிற்பது புயலின் கண். அது கடந்துபோனதும் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும். கிழக்கேயிருந்து வரும் புயலில் முதலில் வடக்கேயிருந்து வீசும், கண் கடந்தபின் தெற்கேயிருந்து. தனுஷ்கோடி இரண்டு கடலுக்கு நடுவே கிடக்கிற மணல்திட்டு. வடக்கே இருக்கிற பெண்கடல் (பாக் நீரிணைப் பக்கம்) ஏறியது போதாதென்று தெற்கே இருக்கிற ஆண்கடலும் (மன்னார் வளைகுடா) ஏறும். அந்த அத்தியாயத்தை நீக்க வேண்டாம். ஒருத்தி இறங்கட்டும். வாடை நின்று தெற்கே இரைச்சல் கேட்பதைக் மீனவர் வீட்டுப் பிள்ளை கவனித்து அவளைத் திரும்பக் கூப்பிடட்டும். நாவலின் உச்சமே அதுதான் என்று நினைக்கிறேன்.

விடிந்தபின் அவர்களுக்கு முதல் எதிரி குளிர். மார்கழி, ஈரத்துணி, ஓயாத காற்று. மணல்மேட்டின் காற்றுப்படாத பக்கத்தில் ஒதுங்கி, துணியைப் பிழிந்து உடுத்தி, சின்னவனை நடுவில் வைத்து ஒட்டி உட்கார வேண்டும்.

ஊற்றுத்தண்ணீர் உதவாது. மற்ற நாட்களில் தனுஷ்கோடி மணலில் சில அடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மழைநீர் கனம் குறைவு என்பதால் மணலுக்கடியில் உப்புநீரின் மேல் தங்கி நிற்கிறது. மேலே கடல் ஏறிவிட்டால் அதுவும் உப்பாகிவிடும், மறுபடி இனிக்கப் பல மழை வேண்டும். பிள்ளைகள் தோண்டி, வாயில் வைத்துத் துப்பட்டும். பிறகு மழையில் சேலையை விரிக்கட்டும். முதலில் பிழியும் தண்ணீர் கரிக்கும், அதைக் கொட்டிவிட்டு அடுத்ததைச் சிரட்டையில் பிடிக்கலாம். மிதந்து ஒதுங்கிய தேங்காயும் கைகொடுக்கும்.

நுங்கு கோடையில்தான். டிசம்பரில் முளைவிட்ட பனங்கொட்டையை உடைத்தால் உள்ளே தவுண் என்கிற வெள்ளையான, மெத்தென்ற பருப்பு இருக்கும். பசிக்கு அது போதும்.

ரயில் வரவே முடியாது. டிசம்பர் 22 ராத்திரி பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்த பயணிகள் ரயிலையே கடல் கொண்டுபோனது. தீவை மண்டபத்தோடு இணைத்த பாம்பன் ரயில் பாலத்தின் பெரும்பாலான கர்டர்கள் (இரும்பு உத்திரங்கள்) விழுந்துவிட்டன. ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் அதைச் சீர்செய்தார்கள். சாலைப் பாலம் 1988-ல்தான் வந்தது. மீட்க வருகிறவர்கள் படகில் வரட்டும். அதுவரை பிள்ளைகளைக் காக்கவையுங்கள்.

சாவைக் காட்டலாம், காட்டத்தான் வேண்டும். இறந்தவர் பெயரைச் சொல்லி ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "சாமிகிட்ட போய்ட்டாங்க" என்று மழுப்ப வேண்டாம், உடல்களை வர்ணிக்கவும் வேண்டாம். அடுத்த வரியிலேயே அந்தப் பிள்ளையின் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள்: தம்பிக்குச் சிரட்டையில் தண்ணீர் கொண்டுபோவது, விறகு பொறுக்குவது, எதுவானாலும்.