நீட் இல்லையென்றால் குடல் பாக்டீரியாவா?

வணக்கம் அம்மா. "நீட் இரண்டு தடவை எழுதியாச்சு, இப்போ குடல் பாக்டீரியா படிக்கிறேன் என்கிறாள். அதைப் படித்தால் யார் வேலை தருவார்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். போன வாரம் உங்கள் மகளோடு தனியாகப் பேசினேன். நீட் கைவிட்டதால் கிளம்பிய ஆசையோ என்று எனக்கும் சந்தேகம்தான். ஆனால் அந்த ஆசை, நீங்கள் சர்க்கரைக்குத் தினமும் போடும் மெட்ஃபார்மின் மாத்திரையிலிருந்து தொடங்கியிருக்கிறது.

அந்த மாத்திரை குடல் பாக்டீரியாக்களின் கலவையையே மாற்றக்கூடியது. சர்க்கரை நோயாளிகளின் குடலில் முன்பு கண்ட வித்தியாசங்களில் ஒரு பகுதி நோயால் வந்ததில்லை, மெட்ஃபார்மினால் வந்தது என்று 2015இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அதைப் படித்துவிட்டு, "அப்போ எது நோயோட வேலை, எது மாத்திரையோட வேலைன்னு எப்படி சார் பிரிப்பாங்க?" என்று கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. (இதைப் படித்துவிட்டு நீங்கள் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்!)

அவள் படிக்க ஆசைப்படுவது இதுதான். நமக்குச் செரிக்காத நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள், இட்லி மாவு புளிக்கிற மாதிரி, புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. நம் டிஎன்ஏ, ஹிஸ்டோன் என்ற புரதத்தின் மேல் நூல்கண்டு போலச் சுற்றிக் கிடக்கிறது. சுற்று இறுகினால் அந்த இடத்து மரபணு தூங்கிவிடும். இறுக்குகிற என்சைமை பியூட்டிரேட் தடுக்கும். சுற்று தளரும், சில மரபணுக்கள் விழிக்கும். இதே அமிலங்கள் குடல் செல்களைத் தூண்டி, இன்சுலின் சுரக்க உதவும் ஜிஎல்பி-1 ஹார்மோனையும் வெளிவிட வைக்கும். ஆனால் மனிதரில் எது காரணம், எது விளைவு என்பது இன்னும் முழுதாகப் பிரியவில்லை. குடல் டெஸ்ட் எடுத்தால் சர்க்கரை சரியாகிவிடும் என்று யாராவது விற்க வந்தால் பர்ஸை மூடிக்கொள்ளுங்கள்.

பிரியாத இடத்தில்தான் வேலை இருக்கிறது. இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023இல் ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் என்ற நாடு தழுவிய ஆய்வு சொன்னது. அந்த ஆய்வில் முக்கியப் பங்கு சென்னையிலேயே இருக்கும் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனுக்கு.

இனி கசப்பான பகுதி. வெறும் பி.எஸ்சி.யோடு நின்றால் பெரும்பாலும் லேப் டெக்னீஷியன் சம்பளம்தான். எம்.எஸ்சி., முடிந்தால் பிஎச்.டி. வரை போக வேண்டும். எட்டு, பத்து வருஷம். பி.எஸ்சி. மைக்ரோபயாலஜியோ பயோகெமிஸ்ட்ரியோ நல்ல லேப் உள்ள கல்லூரியில் சேர்த்துவிடுங்கள். பாடத்தின் பெயர் பளபளப்பாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். அப்புறம் ஜாம் அல்லது கேட்-பி நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி. சேரலாம். அதன் பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்துப் பிஎச்.டி. சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி.

பி.டெக். பயோடெக்னாலஜியும் ஒரு வழிதான். ஆனால் பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் போடுவது கணக்கு, இயற்பியல், வேதியியலில். பயாலஜியில் நூறு வாங்கியதெல்லாம் அங்கே கணக்கில் வராது.

நோயையும் மாத்திரையையும் பிரித்துக் காட்டியது மைக்ரோஸ்கோப் இல்லை, புள்ளியியல். அதனால் எந்த டிகிரி என்றாலும் பைத்தான் என்ற கணினி மொழியும் புள்ளியியலும் கூடவே வர வேண்டும். ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பி.எஸ்.ஸை ஜே.இ.இ. இல்லாமலே, கல்லூரிப் படிப்போடு சேர்த்துப் படிக்கலாம்.

மூன்றாவது தடவை நீட் எழுதச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. சனிக்கிழமை அவளோடு வாருங்கள். பிளஸ் டூ மார்க் ஷீட்டையும் எடுத்து வாருங்கள். கணக்கில் எவ்வளவு என்று அவள் இதுவரை என்னிடம் சொல்லவில்லை.