பாரசீகர்கள் பாபிலோனையும் அசீரியாவையும் பார்த்துக் காப்பியடித்தார்களா?

கேள்வி: பாபிலோனிய, அசீரிய, பாரசீகக் கட்டடங்களை எப்படிப் பிரித்து அறிவது? பாரசீகர்கள் முந்தைய இருவரிடமிருந்தும் எடுத்துக்கொண்டவர்கள்தானே?

எடுத்துக்கொண்டார்கள், ஆனால் காப்பியடிக்கவில்லை. சிங்கம், இறக்கை வைத்த காளை, நிறம் பூசிய செங்கல் என்று அலங்காரத்தை மட்டும் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். நான் கட்டுமானத் துறையில் இருப்பவன். எந்தக் கட்டடமானாலும் கூரையை எது தாங்குகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். அப்படிப் பார்த்தால் வேறுபாடு உடனே பிடிபடும்.

பாபிலோன் இருந்தது வண்டல் சமவெளியில். கல் கிடைக்காது, உத்தரத்துக்கு ஏற்ற மரமும் கிடைக்காது. இருந்தது மண், நாணல், யூப்ரடீஸ் கரையில் ஊறிய தார். உள்ளே பச்சைச் செங்கல் (சுடாமல் வெயிலில் காய வைத்தது), வெளியே சுட்ட செங்கல், காரைக்குப் பதில் தார். மண் சுவர் தடிமனாகத்தான் இருக்க வேண்டும். கூரை போடக் கிடைத்த மரத்தின் நீளம்தான் அறையின் அகலம். பாபிலோன் மன்னன் இரண்டாம் நெபுகத்நேசரின் (கி.மு. 605–562) அரியணைக் கூடம் 52 மீட்டர் நீளம், அகலமோ 17 மீட்டர்தான். அந்த 17 மீட்டரே அந்த ஊரில் பெரிய சாதனை.

பாபிலோனின் நகர வாயிலான இஷ்தார் வாயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். அதில் இருக்கும் காளையும் டிராகனும் செதுக்கியவை அல்ல. உடலைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தனிச் செங்கல்லாக அச்சில் வார்த்து, சுட்டு, நிறம் பூசி, மறுபடி சூளையில் வைத்திருக்கிறார்கள். எந்தச் செங்கல் எங்கே வர வேண்டும் என்று அடையாளக் குறிகளும் போட்டிருக்கிறார்கள். சூளையில் செங்கல் எவ்வளவு சுருங்கும், கோணும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் இது எத்தனை பெரிய வேலை என்று புரியும். வாயில் முழுவதும் பெர்லினுக்குப் போய்விட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அங்கே இருப்பது கிடைத்த துண்டுகளைச் சேர்த்து மறுபடி கட்டிய முன்வாயில். நிறம் பூசாத அடிப்பகுதிச் சுவர்கள் அதே மிருக உருவங்களோடு இன்றும் ஈராக்கில் நிற்கின்றன.

அசீரியர்கள் வடக்கே, இன்றைய மோசூல் பக்கம். அங்கே மென்மையான ஜிப்சக் கல் கிடைத்தது. ஆனாலும் சுவர் மண்தான். அதன் அடிப்பகுதியில் கற்பலகைகளை நிறுத்தி, போரும் சிங்க வேட்டையும் செதுக்கினார்கள். அறைகள் அதே நீண்ட, குறுகிய வடிவம். வாயிலில் நிற்கும் மனிதத் தலைக் காளைக்கு ஐந்து கால்: முன்னால் நின்று பார்த்தால் அசையாமல் நிற்கும், பக்கவாட்டில் பார்த்தால் நடக்கும். அசீரியரின் உண்மையான கல் வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் அரண்மனையை விட்டு ஜெர்வானுக்குப் போக வேண்டும். தலைநகர் நினிவேக்குத் தண்ணீர் கொண்டுபோக கி.மு. 690 வாக்கில் அசீரிய மன்னன் சென்னகெரிப் கட்டிய கல் நீர்ப்பாலம் அங்கே இருக்கிறது, 280 மீட்டர் நீளம்.

அப்புறம் பாரசீகம். பாரசீகத் தலைநகர் பெர்செபோலிஸில் மன்னன் முதலாம் டேரியஸ் தொடங்கிய அபதானா என்ற அரசவைக் கூடம் பக்கத்துக்குச் சுமார் 60 மீட்டர் கொண்ட சதுரம். உள்ளே 36 தூண், மூன்று புற மண்டபங்களில் 36 தூண், உயரம் ஏறக்குறைய 20 மீட்டர். மேலே இரட்டைக் காளைத் தலைப் போதிகை (தூணின் உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் பகுதி). அந்த இரண்டு தலைகளுக்கு நடுவில் உத்தரம் உட்காரும். அதாவது சிற்பமே பாரத்தையும் வாங்குகிறது. இந்த அமைப்பு பாபிலோனிலும் இல்லை, நினிவேயிலும் இல்லை. தூண் வைத்த கூடங்கள் மேற்கு ஈரானில் ஹசன்லு போன்ற இடங்களில் சில நூற்றாண்டுகள் முன்பே இருந்தன. வேர் அங்கேதான்.

பெர்செபோலிஸ் சுவர்களும் பச்சைச் செங்கல்தான். அவை கரைந்துபோனதால்தான் இன்று தூண்களும் கல் நிலைகளும் மட்டும் வெட்டவெளியில் நிற்கின்றன. படத்தைப் பார்த்து அது திறந்த மண்டபம் என்று நினைத்துவிடாதீர்கள்.

காப்பி என்ற குற்றச்சாட்டுக்கு டேரியஸே பதில் எழுதிவைத்திருக்கிறான். இன்னொரு பாரசீகத் தலைநகரான சூசாவின் அரண்மனைக் கல்வெட்டில், தேவதாரு லெபனானிலிருந்து, யானைத் தந்தம் எத்தியோப்பியாவிலிருந்தும் சிந்துவிலிருந்தும், கல் தச்சர்கள் அயோனியா என்ற கிரேக்கப் பகுதியிலிருந்து, செங்கல் வேலைக்குப் பாபிலோனியர் என்று வரிசையாகச் சொல்கிறான். மறைக்க நினைப்பவன் இப்படியா எழுதுவான்? யாரிடம் எந்தத் திறமை இருக்கிறதோ அதைத் தேடி வரவழைத்தேன் என்பதுதான் அவனுடைய பெருமையே. எனக்கு இந்த மூன்றிலும் அதிகம் பிடித்த ஆவணம் இதுதான்.

நேரில் ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால் பாரிஸ் லூவர் அருங்காட்சியகம் போங்கள். இஷ்தார் வாயில் இருக்கும் பெர்லினின் பெர்காமோன் அருங்காட்சியகம் 2023 அக்டோபரில் புதுப்பிப்பு வேலைக்காக மூடப்பட்டது. லூவரில் அசீரிய அரண்மனை இருந்த கோர்சாபாத்தின் ஐந்து கால் காளைகள், சூசாவின் வண்ணச் செங்கல் வில்லாளிகள், சூசா அபதானாவின் காளைப் போதிகை எல்லாம் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. போதிகையின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று, அதன் அளவை மட்டுமாவது பாருங்கள்.