சிங்கப்பூர் – நியூயார்க்: டிக்கெட்டில் ஏழு மணி நேரம்தானா?

அம்மாவுடன் இந்த விமானத்தில் போகும் நீங்கள் கேட்டது: டிக்கெட்டில் ஏழு மணி நேரம் தெரிகிறது, தூரத்தை வகுத்தால் 17 வருகிறது; எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாத்திரை போடும் அம்மாவுக்கு என்ன செய்வது? ஏழு இல்லை, ஏறக்குறைய 19 மணி நேரம். அம்மாவின் எட்டு மணி நேர மாத்திரையில் இரண்டு வேளையாவது கைப்பையில் இருக்கட்டும்.

பகல் 12 மணிக்குக் கிளம்பி அன்றே மாலை 7-க்கு இறங்குவதாகத் தெரிவதற்குக் காரணம், இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். கோடையில் நியூயார்க் 12 மணி நேரம் பின்னால். நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் வரை 13. அதைக் கூட்டிப் பாருங்கள், டிக்கெட்டில் உள்ள மொத்தப் பயண நேரத்தோடு ஒத்துப்போகும்.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்குத் தூரம் சுமார் 15,350 கி.மீ. நீங்கள் மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்ததில் 17 வந்திருக்கும். ஆனால் விமானம் மிகக் குறுகிய பாதையில்தான் போகும் என்றில்லை. சாதகமான காற்றுக்காகப் பசிபிக் வழியாகச் சுற்றியும் போகும். அதனால் நேரம் முன்பின் ஆகலாம்.

மாத்திரைக்கு ஃபோன் அலாரத்தை நம்பாதீர்கள், இறங்கியதும் நேரம் மாறிவிடும். சாதாரணக் கைக்கடிகாரத்தைச் சிங்கப்பூர் நேரத்திலேயே விடுங்கள்.